ஞாயிற்றுக்கிழமைகளில் நான் திருடன்

1

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குழுவில் எனக்காக ஒரு கேக் வெட்டினார்கள். நான் அவர்களோடு சேர்ந்து பத்து வருஷம் முடிந்துவிட்டதாம். கீத் எழுந்து நின்று என்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொன்னார். அப்புறம் என்னைப் பேசச் சொன்னார்கள். நான் எழுந்தேன், ஒரு வாய் தண்ணீர் குடித்தேன், உட்கார்ந்துவிட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

சின்ன வயதிலிருந்தே நான் இப்படித்தான். நாலு பேர் சேர்ந்து என்னைப் பார்த்தால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். கமுதிக்குத் தெற்கே மிளகாயும் பருத்தியும் போடுகிற ஒரு ஊரில் அஞ்சாம் வகுப்பு வரை படித்தேன். அந்த அஞ்சு வருஷத்தில் வாத்தியாருக்கு நான் வாய் திறந்து சொன்ன பதில் 'உள்ளேன் ஐயா' மட்டும்தான். அதையும் சில நாள் பக்கத்துப் பையன் எனக்காகச் சொல்வான்.

பேச வராததை எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். நான் லண்டனில் பெரிய ஹோட்டல் வைத்திருப்பதாக ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. இது லண்டனும் இல்லை, ஹோட்டல் என்னுடையதும் இல்லை. இங்கிலாந்தின் வடக்கே, வருஷத்தில் பாதி நாள் தூறிக்கொண்டே இருக்கிற லங்காஷயர் பக்கத்துச் சின்ன ஊர் ஒன்றில், ஒரு இந்தியச் சாப்பாட்டுக் கடையில் சமையல்காரனாக இருக்கிறேன். வாரத்தில் ஆறு நாள் சமையல். ஏழாவது நாள் மத்தியானம் மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரை நான் திருடன்.

2

பயப்பட வேண்டாம், விளையாட்டுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் எங்கள் கடையில் கூட்டம் இருக்காது. அந்த நேரத்தில் மூன்று பேர் வந்து மூலை மேசையில் உட்காருவார்கள். ஓய்வுபெற்ற பஸ் டிரைவரான கீத், அவர் மனைவி டோரீன், எங்கள் தெருவுக்குத் தபால் கொண்டுவருகிற லிண்டா. கீத் தன் முன்னால் ஒரு அட்டையை மறைப்பாக நிறுத்தி வைத்துக்கொள்வார். மற்ற இரண்டு பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு மெதுவான குரலில் பேசுவார்கள். முதல் மூன்று மாதம் அவர்கள் ஜெபம் செய்கிறார்கள் என்று நினைத்து, டீ வைக்கும்போது நானும் தலையைக் குனிந்துகொள்வேன்.

பிறகுதான் புரிந்தது. கீத் நடுவர். மறைப்புக்குப் பின்னால் அவரிடம் ஒரு குகையின் படம் இருக்கிறது. மற்றவர்களுக்கு அது தெரியாது. ஒருவர் வீரன், ஒருவர் மந்திரவாதி என்று ஆளுக்கு ஒரு வேஷம். 'நான் கதவைத் தட்டுகிறேன்' என்று இவர்கள் சொன்னால், 'உள்ளே யாரோ இருமுகிறார்கள்' என்று அவர் சொல்வார். எது நடக்கும் என்று சந்தேகம் வந்தால் பகடை உருட்டுவார்கள். காய் கிடையாது, கட்டம் கிடையாது, ஜெயித்தவர் தோற்றவர் கிடையாது. வாயால் சொல்வதுதான் ஆட்டம்.

ஒரு நாள் நான் டீ கொண்டுபோனபோது குகைக்குள் ஒரு நீளமான நடைபாதைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். தரையில் எங்கோ ஒரு படுகுழி இருக்கிறது, எங்கே என்று தெரியாது. ஒரு மணி நேரமாக அதே பேச்சு. டீ ஆறிப்போயிற்று. எனக்கு வயிற்றெரிச்சல் தாங்காமல் வாயை விட்டு, 'எருமை' என்று சொல்லிவிட்டேன்.

மூன்று பேரும் திரும்பினார்கள். ஓடிப்போகலாமா என்று பார்த்தேன், கையில் தட்டு இருந்தது. எங்கள் ஊர்க் கண்மாயில் தண்ணீர் வற்றிச் சேறாகக் கிடக்கும்போது முதலில் எருமையை இறக்கிவிட்டு, அது கால் வைத்த இடத்திலேயே நாமும் கால் வைத்து அக்கரைக்குப் போவோம். அதைப் பாதி இங்கிலீஷிலும் மீதியை நடந்தும் காட்டினேன். லிண்டா சிரித்தாள். கீத் சிரிக்கவில்லை. எருமையை எங்கே வாங்குவாய் என்று கேட்டார். சந்தையில் என்றேன். அந்த நாட்டுச் சந்தையில் எருமை இல்லை, பகடை போட்டதில் இரண்டு கழுதை கிடைத்தது. ஒரு கழுதை குழியில் விழுந்தது. இன்னொன்றின் பின்னால் எல்லோரும் பத்திரமாக அக்கரை சேர்ந்தார்கள்.

கீத் ஒரு பென்சிலையும் ஒரு தாளையும் என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

3

என்ன வேஷம் வேண்டும் என்று கேட்டார்கள். திருடன் என்றேன். திருடனுக்குப் பேசுகிற வேலை அதிகம் இருக்காது என்று ஒரு கணக்கு. திருடனுக்கு ஒரு பெயர் வை என்றார்கள். அவசரத்துக்கு வேறு எதுவும் தோன்றாமல் எங்கள் ஊரில் அப்போது இருந்த வி.ஏ.ஓ.வின் பெயரைக் கொடுத்துவிட்டேன். அவர் பத்து வருஷமாக லங்காஷயரில் பூட்டு உடைத்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாது.

இந்த விளையாட்டிலும் இப்போது புது மாதிரி வந்துவிட்டதாம். தலையணை கனத்துக்குப் புத்தகங்கள், எதற்கெடுத்தாலும் ஒரு சட்டம். கீத்திடம் இருப்பது பழைய மாதிரி. புளிநிறத்தில் ஒரு ஒல்லிப் புத்தகம், முதுகில் பிளாஸ்திரி ஒட்டியது. அதில் பாதிக்கு மேல் எழுதியே இல்லை. எழுதாததை எல்லாம் நீயே யோசித்துச் சொல்ல வேண்டும். புது மாதிரியில் உன் ஆள் புத்திசாலியா என்று பகடை சொல்லும். பழைய மாதிரியில் நீதான் புத்திசாலியாக இருக்க வேண்டும். எனக்குப் பிடித்துப்போனது இதனால்தான். என் இங்கிலீஷைப் பற்றியோ படிப்பைப் பற்றியோ யாரும் கேட்கவில்லை. இந்த இடத்தில் நீ என்ன செய்வாய் என்று மட்டும் கேட்டார்கள். இந்த நாட்டில் என்னிடம் அதை வேறு யாரும் கேட்டதில்லை.

பழைய மாதிரியில் விளக்கெண்ணெய், கயிறு, ரொட்டி எல்லாம் எவ்வளவு எடுத்துப் போகிறோம் என்று முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். இரண்டாவது வாரம் நான், 'குடிக்கத் தண்ணீர்?' என்று கேட்டேன். இருபது வருஷமாகக் குகைக்குள் போகிறவர்கள் ஒருத்தர்கூட தண்ணீர் எடுத்துப் போனதில்லை. அன்றாடம் மழை பெய்கிற ஊரில் பிறந்தவர்களுக்கு அது எப்படித் தோன்றும்? அன்றிலிருந்து எல்லோரும் தோல்பையில் தண்ணீர் சுமக்கிறார்கள். இன்றைக்கும் டோரீன் அதற்காக என்னைத் திட்டுகிறாள்.

கீத்திடம் இரண்டு சட்டங்கள் உண்டு. முதலாவது, பகடையை எல்லோரும் பார்க்க உருட்ட வேண்டும், விழுந்தது விழுந்ததுதான். டோரீனின் மந்திரவாதி ஒரு தவளை கடித்துச் செத்துப்போனான். அந்த வாரம் முழுக்கக் கீத்துக்கு வீட்டில் சாப்பாடு சரியில்லை என்று கேள்வி. ஆனாலும் இரண்டாம் தடவை உருட்ட விடவில்லை.

இரண்டாவது, குகைக்குள் எதைப் பார்த்தாலும் எடுத்தவுடன் வெட்டக் கூடாது. அதன் மனசு எப்படி இருக்கிறது என்று முதலில் இரண்டு பகடை போட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு அட்டவணை இருக்கிறது. இரண்டு விழுந்தால் அடிக்கும். மூன்றிலிருந்து ஐந்து வரை பகை. ஆறிலிருந்து எட்டு வரை யோசிக்கும். ஒன்பதிலிருந்து பேசும். பன்னிரண்டு விழுந்தால் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போடும். ஊரில் இதையெல்லாம் நாம் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவோம். இங்கே முகத்தில் ஒன்றும் தெரியாது. அதனால்தான் பகடை தேவைப்படுகிறதோ என்னவோ.

4

என் மகள் கவிதாவுக்கு இதெல்லாம் மானக்கேடு. அவள் இங்கே பிறந்தவள். நான் தமிழில் பேசுவேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். தமிழ் பேசினால் ரயில் எத்தனையாவது பிளாட்பாரத்தில் வரும் என்று அறிவிக்கிற அம்மாவைப் போல இருக்கும். சின்ன வகுப்பில் படிக்கும்போது அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று டீச்சர் கேட்டதற்கு, சமையல்காரர், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் திருடர் என்று சொல்லிவிட்டாள். என் மனைவியைப் பள்ளிக்கூடத்துக்கு வரவழைத்தார்கள். அப்போது கவிதாவுக்கே அது பெருமையாக இருந்தது. இப்போது கடைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை வருவதே இல்லை. கேட்டால் படிக்க வேண்டும் என்கிறாள்.

5

இந்த இடத்தில் என் அக்கா பாக்கியத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எனக்கு ஒரே அக்கா. திருப்புல்லாணிப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் கொடுத்திருக்கிறது. மச்சான் வேலுச்சாமி நல்ல மனுஷன், கொஞ்சம் நிதானம். அவர்களுடைய மகள் செல்விக்கு ஒரு வயதில் காது குத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். அவளுக்குத் தாய்மாமன் நான் ஒருத்தன்தான்.

அந்த நேரம் என் பாஸ்போர்ட் ஒரு ஆபீஸில் இருந்தது. இங்கேயே தங்கிவிட அனுமதி கேட்டு ஒரு விண்ணப்பம் போட்டிருந்தேன். முதல் தடவை என் கையெழுத்து கட்டத்தைத் தாண்டிப் போய்விட்டது என்று திரும்பி வந்தது. இரண்டாம் தடவை போட்டோவில் சிரித்திருந்தேன். மூன்றாம் தடவை, கடைசிப் பக்கத்தில் விண்ணப்பிக்கிற தேதியைப் போட வேண்டிய இடத்தில் என் பிறந்த தேதியைப் போட்டுவிட்டேன். அதாவது நான் பிறந்த அன்றைக்கே இங்கிலாந்தில் தங்க அனுமதி கேட்டிருக்கிறேன். அப்படியா என்று கேட்டு ஒரு கடிதம் வந்தது. இல்லை என்று பதில் எழுதினேன். ஒரு கடிதம் போய் ஒரு கடிதம் வர மூன்று மாதம், நாலு மாதம். தப்பு முழுக்க என்னுடையதுதான்.

இதை ஊரில் எப்படிச் சொல்வது? சீமைக்குப் போனவன் தேதி போடத் தெரியாதவன் என்றால் சிரிக்க மாட்டார்களா? போனில் மச்சானிடம், லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

யாரோ ஒரு பெரியப்பா மகன் மடியில் வைத்துச் செல்விக்குக் காது குத்தினார்கள். அன்றையிலிருந்து அக்கா என்னோடு பேசவில்லை. வேலை பெரிதா, அக்கா மகள் பெரிதா என்பது அவள் கேள்வி. இடையில் இரண்டு தடவை ஊருக்குப் போனேன். வாசலில் கோலம் உண்டு, இலையில் கறி உண்டு, பேச்சு மட்டும் இல்லை. 'அவுகளுக்கு இன்னும் கொஞ்சம் சோறு வேணுமான்னு கேளுங்க' என்று மச்சானிடம் சொல்வாள். மச்சான் திரும்பி என்னிடம், 'மாப்ளே, சோறு வேணுமா?' என்பார். நான் போதும் என்பேன். அவர் திரும்பி, 'போதுமாம்' என்பார். நாங்கள் மூன்று பேரும் ஒரே பாயில்தான் உட்கார்ந்திருப்போம். மச்சான் இல்லாத நேரத்தில் அக்கா மாட்டைப் பார்த்துச் சொல்வாள்.

என்னை அவள் 'ஏலே' என்றுதான் கூப்பிடுவாள், 'அவன் இவன்' என்றுதான் பேசுவாள். 'அவுக' ஆனதுதான் எனக்கு ஆறவே இல்லை.

6

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஐப்பசி மாதம், அக்கா புது வீட்டுக்குப் பால் காய்ச்சினாள். மச்சான் போன் பண்ணினார். பின்னாலிருந்து, 'லீவு கிடைச்சா வரச் சொல்லுங்க' என்று அக்கா சொல்வது கேட்டது. அந்த லீவு என்ற வார்த்தையில் ஒரு கூர்மை இருந்தது. மனைவிக்கு வேலை, கவிதாவுக்குப் பரீட்சை. நான் மட்டும் கிளம்பினேன்.

பழக்க தோஷத்தில் பகடைப் பையையும் பெட்டியில் வைத்திருந்தேன். விமான நிலையத்தில் ஒரு அதிகாரி அதைத் திறந்து, இருபது முகம் உள்ள பகடையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சூதாட்டமா என்று கேட்டார். இல்லை சார், குகைக்குள் போவதற்கு என்றேன். எந்தக் குகை என்றார். இன்னும் முடிவு செய்யவில்லை என்றேன். என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, போங்க என்றார்.

சீர்வரிசைத் தட்டுகளை அக்கா வாங்கிக்கொண்டாள். அதாவது மச்சானை வாங்கச் சொன்னாள். விருந்து முடிந்தது. விருந்தாளிகள் கிளம்பிய கையோடு மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கம் மழை வருவதே அபூர்வம், வந்தால் இப்படித்தான் மொத்தமாக வரும். கரண்ட் போய்விட்டது. பால் காய்ச்சின வீட்டை அன்றைக்குப் பூட்டிவிட்டுப் போகக் கூடாது. அக்கா, மச்சான், பன்னிரண்டு வயதுச் செல்வி, நான், அப்புறம் வீட்டுக்கு வயரிங் செய்த கீழக்கரைக் காதர் பாய். பாய் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவதற்குள் மழையில் மாட்டிக்கொண்டார். ஈரச் சுண்ணாம்பு வாசத்தில் ஐந்து பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம்.

அப்போதுதான் செல்வி, 'மாமா, உங்க பையில இருக்கிறது என்ன கட்டை?' என்று கேட்டாள்.

7

எனக்கு நடுவராக இருந்து பழக்கம் இல்லை. ஆனாலும் ஆரம்பித்தேன். மச்சான் வீரன். செல்வி மந்திரவாதி. காதர் பாய் தனக்கு வேஷம் எதுவும் வேண்டாம், எலக்ட்ரீஷியனாகவே வருகிறேன் என்றார். எழுதாததைப் பற்றிச் சட்டம் இல்லை, சரி என்றேன். அட்டவணையைத் தமிழில் எழுதி செல்வியிடம் கொடுத்தேன். அக்கா கொஞ்சம் தள்ளி, முறத்தில் மிளகாய் வத்தலைப் போட்டுக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள்.

'இங்கயிருந்து கடற்கரைக்குப் போற வழியில ஒரு குகை இருக்கு' என்று தொடங்கினேன்.

அங்கே குகை கிடையாது என்றார் மச்சான். பூரா மணலும் உடைமரமும்தான், நான் ஆடு மேய்த்த இடம் என்றார். புதிதாக வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அப்படியானால் அது யார் பட்டா நிலம், புறம்போக்கா, கோயில் இடமா என்று கேட்டார். இங்கிலாந்தில் பத்து வருஷம் விளையாடினாலும் யாரும் கேட்காத கேள்வி. அடுத்தவன் நிலத்தில் காலை வைக்க முடியாது, நாளைக்கு ஒன்று என்றால் யார் பதில் சொல்வது என்று வீரன் வாளை உறையில் போட்டுவிட்டான். புதையல் கிடைத்தால் தாசில்தாருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று காதர் பாய் நினைவுபடுத்தினார்.

ஆகவே குகைக்குப் போகாமல் முதலில் வி.ஏ.ஓ. ஆபீஸுக்குப் போனார்கள். பகடை போட்டேன். வி.ஏ.ஓ. சாப்பிடப் போயிருந்தார். கீத்தின் ஆட்களாக இருந்தால் கதவை உடைத்திருப்பார்கள். இவர்கள் காத்திருந்தார்கள். விளையாட்டில் காத்திருந்தார்கள். மச்சான் கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்துகொண்டார். வி.ஏ.ஓ. வந்துவிட்டார் என்று நானாகவே சொல்ல வேண்டியதாயிற்று.

ஒரு வழியாகக் குகைக்குள் நுழைந்தார்கள். காதர் பாய் எதையும் தொடுவதற்கு முன்னால் டெஸ்டர் வைத்துப் பார்த்தார். கதவு, சுவர், எலும்புக்கூடு, எதையும் விடவில்லை. 'கரண்டு பாஸாகுது, கை வைக்காதீக' என்பார். கீத் பார்த்திருந்தால் மனுஷனைக் கட்டிப்பிடித்திருப்பார்.

அக்கா முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல், 'என்னங்க, முன்னால போற ஆளு கையில விளக்கு இருக்கான்னு கேளுங்க' என்றாள். மச்சான் என்னிடம் கேட்டார். இல்லை. கொளுத்தினார்கள். அப்புறம், 'வந்த வழியில அடையாளம் வச்சீகளான்னு கேளுங்க' என்றாள். வைக்கவில்லை. அவள் சொன்னது ஒவ்வொன்றும் சரி. இந்த விளையாட்டுக்கென்றே பிறந்த ஆள் அங்கே உட்கார்ந்து வத்தல் கிள்ளிக்கொண்டிருந்தாள். ஒரே சிக்கல், அவள் சொல்வது மச்சான் காதில் ஏறி, அவர் வாய் வழியாக என்னிடம் வந்து சேரும்போது நேரமாகிவிடும்.

நடைபாதை வந்தது. 'கல்லைப் போட்டுப் பார்த்துட்டு அப்புறம் காலை வைக்கச் சொல்லுங்க' என்று அக்கா சொல்லி முடிப்பதற்குள், 'நான் காலை வைக்கிறேன்' என்று மச்சான் சொல்லிவிட்டார். குழி. பகடை உருட்டினேன், எல்லோரும் பார்க்க. தப்பிக்க வழியே இல்லை. கீத்திடம் கேட்டுக் கேட்டுப் பழகிய வாய், அதே மாதிரி சொல்லிவிட்டது:

'மச்சான், நீங்க செத்துட்டீக.'

காதர் பாய் நாக்கைக் கடித்துக்கொண்டார். முறம் கீழே விழுந்தது. அக்கா சுவரைப் பார்த்துச் சொன்னாள்: 'பால் காய்ச்சின வீட்டுல விளக்கு வைக்கிறதுக்கு முன்னாடியே சாவைப் பேசுற ஆளை இன்னைக்குத்தான் பார்க்கேன்.'

என் நாக்கு மறுபடியும் மேலே போய் ஒட்டிக்கொண்டது. புளிநிறப் புத்தகத்தில் பால் காய்ச்சுவதைப் பற்றி ஒன்றும் இல்லை. ஆனால் பழைய மாதிரியில் நடுவர் சொல்வதுதான் சட்டம். சாகவில்லை, கால் ஒடிந்துவிட்டது, டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று என்று தீர்ப்புச் சொன்னேன். மச்சானுக்கு அது பிடித்துப்போயிற்று. ஜன்னல் ஓரக் கட்டில்தானா என்று கேட்டு உறுதி செய்துகொண்டு, அங்கேயே பாயில் நீட்டிப் படுத்து நெற்றியில் கையை வைத்துக்கொண்டார்.

8

அடுத்த அறையில் பூதம் இருந்தது.

காதர் பாய் அதைப் பார்த்ததும், மழை விட்டதா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே குகையை விட்டு வெளியே போய்விட்டார். செல்வி ஒரு பானைக்குள் ஒளிந்துகொண்டாள். பூதத்தின் மனசு எப்படி என்று இரண்டு பகடை போட்டேன். ஏழு. யோசிக்கிறது.

அக்காவால் பொறுக்க முடியவில்லை. 'என்னங்க, பிள்ளை தனியா நிக்குது. நான் உள்ள வாரேன்னு சொல்லுங்க' என்றாள்.

மச்சான் கண்ணைத் திறக்கவில்லை. 'நான் ஆஸ்பத்திரியில கிடக்கேன். அங்கன இருந்து இங்கன எப்படிக் கேக்கும்?' என்றார்.

அவர் விளையாட்டின் சட்டப்படி சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அக்கா எழுந்து வந்து என் எதிரே உட்கார்ந்தாள். விரலெல்லாம் வத்தல் தூசி. பானைக்குள்ளிருந்து செல்வி, 'அம்மா, பூதம் உனக்கு நேரா நிக்குது. நேராத்தான் பேசணும்' என்றாள்.

அக்கா என் கண்ணைப் பார்க்காமல் என் சட்டையின் இரண்டாவது பொத்தானைப் பார்த்தாள். தம்பியோடுதான் பேச்சு இல்லை. பூதத்தோடு அவளுக்கு என்ன?

'இங்கன என்ன செய்ற?' என்று பூதத்தைக் கேட்டாள்.

கூச்சமே இல்லாமல் எனக்குக் குரல் வந்தது. பூதத்தின் குரல் அல்லவா. 'காவல் காக்கேன்' என்றேன்.

'எத்தனை வருஷமா?'

'பதினோரு வருஷம்.'

'கூடப் பிறந்தவ யாரும் இல்லையா உனக்கு?'

'ஒருத்தி இருக்கா.'

'ஒரு நல்ல நாள் பெரிய நாளுக்குப் போக மாட்டியா? அவ பிள்ளைக்குக் காது குத்துனா யாரு மடியில வச்சுக் குத்துவா?'

பூதம் சொன்னது: 'பாஸ்போர்ட்டை ஆபீஸ்ல வாங்கி வச்சிருந்தாக.'

பூதத்துக்குப் பாஸ்போர்ட்டா என்று காதர் பாய் ஆரம்பித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து மச்சான் கையை நீட்டி அவர் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார்.

'லீவு கிடைக்கலைன்னுதான சொன்ன?' என்றாள் அக்கா.

'அது பொய். ஃபாரத்துல நான்தான் தேதியைத் தப்பாப் போட்டேன். இன்னைக்குத் தேதி போடுற இடத்துல பிறந்த தேதியைப் போட்டுட்டேன். சொன்னா சிரிப்பாகன்னு வெட்கமா இருந்துச்சு.'

அக்கா சிரிக்கவில்லை. வத்தல் கையோடு கண்ணைத் துடைத்துவிட்டாள். அப்புறம் கண் எரிந்ததால் வந்த தண்ணீர் எது, மற்றது எது என்று சொல்ல முடியாமல் போயிற்று. செல்வி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். செம்பைக் கீழே வைத்துவிட்டு, அட்டவணையை எடுத்துக்கொண்டு, 'மாமா, பூதத்தோட மனசுக்குப் போட்டாச்சு. அம்மா மனசுக்கு யாரு போடுறது?' என்று கேட்டாள்.

புத்தகத்தில் அதற்கும் சட்டம் இல்லை. அக்காவே இரண்டு பகடையையும் எடுத்தாள். குலுக்கினாள். போட்டாள்.

இரண்டும் ஒன்றும். மூன்று.

'பகை' என்று செல்வி படித்தாள்.

நான் பகடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். விழுந்தது விழுந்ததுதான். கீத் சொந்த மனைவிக்கே விட்டுக்கொடுக்காத சட்டம்.

'ஏலே' என்றாள் அக்கா. 'கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு? கட்டை செம்புல சாஞ்சு நிக்குது. இது செல்லாது.'

செம்பு ஒரு முழம் தள்ளி இருந்தது. பகடை புதுச் சிமெண்டுத் தரையில் தட்டையாகக் கிடந்தது. காதர் பாய் பார்த்தார், செல்வி பார்த்தாள், மச்சான் ஆஸ்பத்திரியிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

'ஆமாக்கா' என்றேன். 'சாஞ்சுதான் நிக்குது.'

இரண்டாம் தடவை ஐந்து விழுந்தது. அதுவும் சாய்ந்திருந்தது. மூன்றாம் தடவை ஏழு. 'யோசிக்கும்' என்று செல்வி படித்தாள். பதினோரு வருஷம் யோசித்தது போதாதா என்று கேட்டுவிட்டு, அக்கா அதையும் சாய்ந்தது என்று அள்ளிவிட்டாள். நாலாம் தடவை ஒன்பது. 'பேசும்' என்று செல்வி படித்தாள். அது மட்டும் சாயவில்லை.

அதற்குப் பிறகு பதினோரு வருஷத்துத் திட்டையும் ஒரே மூச்சில் திட்டினாள். தேதி போடத் தெரியாத நாய் என்றாள். அஞ்சாம் வகுப்பிலேயே உன் முதுகில் ஒன்று வைத்திருக்க வேண்டும் என்றாள். காது குத்துக்கு அந்தப் பெரியப்பா மகன் மடியில் வைத்தபோது செல்வி அவன் வேட்டியை நனைத்துவிட்டதையும் சொன்னாள். உன் மடியில் போக வேண்டியது, தப்பித்துக்கொண்டாய் என்றாள். செல்வி அம்மா என்று கத்தினாள். மழை விட்டும் காதர் பாய் போகவில்லை.

கடைசியில் மச்சான் பாயிலிருந்து மெதுவாக, ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் எப்போது கொடுப்பார்கள் என்று கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்துத் திரும்பினாள். 'காலை வைக்காதீகன்னு சொல்லச் சொல்ல வச்ச மனுஷன். இன்னும் ரெண்டு நாள் அங்கனயே கிடக்கச் சொல்லுலே' என்றாள்.

நான் மச்சானிடம் சொன்னேன்.